பின்கதவு வைத்த வண்டி

சம்பந்தியம்மாவுக்கு,

இன்று காலை மஞ்சள் பையைத் திறந்தேன். திறந்ததும் உங்கள் புகையிலை வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. நீங்கள் போய் நாலு மாதம் ஆகப்போகிறது. உங்கள் பாயைக் கொடுத்தாகிவிட்டது. நீங்கள் படுத்திருந்த அறைக்குச் சுண்ணாம்பும் அடித்தாகிவிட்டது. இந்தப் பைக்குள் மட்டும் இன்னும் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறீர்கள்.

நான் தேடியது பிள்ளையின் சான்றிதழை. உங்களுக்கு மகன் வழிப் பேத்தி, எனக்கு மகள் வழிப் பேத்தி, யாருக்கு உரிமை அதிகம் என்று பதினாறு வருஷம் இழுத்துக்கொண்டோமே, அந்தத் தர்ஷினிக்குக் கால் வராது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சான்றிதழ். அதன் ஓரத்தில் உங்கள் வெற்றிலைக் கறை அப்படியே இருக்கிறது. பிள்ளையின் காகிதமும் உங்கள் வெற்றிலைச் சுருக்குப்பையும் ஒரே பையில் கிடந்தால் வேறென்ன ஆகும்? ஒருநாள் உதவித்தொகை ஆபீஸில் ஒருத்தர் அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“என்னம்மா இது, வெத்தலக் கடையில எழுதி வாங்குனதா?”

“கையெழுத்து இருக்கா, அத மட்டும் பாருங்க தம்பி. வாசனைக்குத் தனியாக் காசு கேக்கல” என்றீர்கள்.

நான் சுவர்ப்பக்கம் திரும்பிச் சிரித்தேன். சிரித்தது உங்களுக்குத் தெரியக்கூடாது என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். அப்போது உங்களோடு எனக்குப் பேச்சு வார்த்தை இல்லை.

உங்களிடம் சொல்ல ஒரு காரியம் இருக்கிறது. அதை எழுதத்தான் பிள்ளையின் பழைய நோட்டில் மீதிப் பக்கம் பார்த்து உட்கார்ந்தேன். நாலாம் வகுப்போடு நின்ற கை, மெதுவாகத்தான் ஓடுகிறது. அதோடு ஒரு இடத்தில் இருக்கவும் முடியவில்லை. நாலு வரி எழுதுகிறேன், எழுந்து போய்க் கொல்லையைப் பார்க்கிறேன், ஒன்றும் இல்லை, திரும்பி வருகிறேன். உங்கள் மருமகள் செல்வி கேட்டுவிட்டாள்: “என்னம்மா, நெல்லு காயுதா? இத்தன தரம் போயிட்டு வர்ற?”

பள்ளிக்கூடத்து மிஸ் போன் பண்ணினார். பிள்ளை ஐந்து மாதமாக வகுப்புக்குப் போகவில்லை. பொங்கல் லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறக்கிற அன்றைக்கு வந்துவிட்டால், சான்றிதழை வைத்துப் பேசிப் பார்க்கலாமாம். வராவிட்டால் இந்த வருஷம் போய்விடுமாம். போன் ஸ்பீக்கரில் இருந்தது. தர்ஷினி கேட்டுக்கொண்டுதான் கிடந்தாள். கணக்கு நோட்டை நெஞ்சின் மேல் கவிழ்த்து வைத்துக்கொண்டு உத்திரத்தைப் பார்த்தாள்.

அவளை யார் தூக்குவது? நீங்கள் இல்லை. செல்விக்கு இடுப்பு போய்விட்டது. அங்கன்வாடியில் குழந்தைகளைத் தூக்கி வைப்பதற்கே பல்லைக் கடிக்கிறாள். எனக்கு எழுபது. பிள்ளைக்குப் பதினாறு, உங்கள் வீட்டு எலும்பு, நெட்டையாக வளர்ந்துவிட்டாள். ஆட்டோவில் ஏற்றினால் காலை மடக்க வராது. நம் மடியில் குறுக்கே கிடத்தித்தான் காரைக்கால் வரைக்கும் கொண்டுபோனோம். போகிற வழியெல்லாம் அவள் பார்த்தது ஆட்டோவின் கூரைத் துணியைத்தான். வண்டி வேண்டும். நாற்காலியோடு அப்படியே உள்ளே போகிற மாதிரி ஒரு வண்டி. உங்கள் மகன் அதற்காகத்தான் அலைகிறார். அலைந்தும் கிடைக்கவில்லை. அப்படி அலையவே தேவையில்லை என்று உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

கோபம் எங்கே தொடங்கியது என்று கேட்டால் எனக்கு நாள், கிழமை, நீங்கள் கட்டியிருந்த புடவை வரைக்கும் சொல்ல வரும். பிள்ளை பிறந்து மூன்று மாதம் பார்த்துக்கொள்ளத்தான் விழிதியூரிலிருந்து வந்தேன். பிள்ளைக்குக் கழுத்து நிற்கவில்லை, நான் இங்கேயே நின்றுவிட்டேன். நம் அம்பகரத்தூர்க் கடைத்தெருவில், மளிகைக்காரர் கேட்க, நீங்கள் சொன்னீர்கள்: “பொண்ணு குடுத்த வீட்டுலயே வந்து உக்காந்து சாப்புடுறாங்க. என்னத்தச் சொல்றது?” ஊதா நிறப் புடவை, மஞ்சள் கரை. மறுநாளிலிருந்து நான் என் அரிசியை என் வீட்டிலிருந்தே கொண்டுவந்து தனியாக உலை வைத்தேன். ஒரே அடுப்பங்கரையில் இரண்டு உலை. செல்வி அழுதாள். உங்கள் மகன், என் மாப்பிள்ளை, இரண்டு சோற்றிலும் ஒரு கரண்டி வாங்கித் தின்றார். அதெல்லாம் சின்னக் கோபம். நாள்பட நாள்பட ஒரே உலையானது.

பிள்ளையைத் தூக்குவதில் மட்டும் நமக்குள் சண்டை வந்ததே இல்லை. நீங்கள் தோள் பக்கம், நான் கால் பக்கம். உங்கள் பழைய நூல் புடவையை நாலாக மடித்து அடியில் கொடுத்து, நீங்கள் “தாயே” என்பீர்கள். அந்தச் சொல் முடிகிற இடத்தில் இருவரும் ஒன்றாக எழுவோம். எத்தனை ஆயிரம் தரமோ. ஒரு தரம்கூட நான் முந்தியதில்லை, நீங்கள் பிந்தியதில்லை.

பெரிய கோபம் மூன்று வருஷத்துக்கு முன்னால் வந்தது. மாப்பிள்ளை அறுப்பு மிஷின் ஓட்டுகிறவர். ஊர் ஊராகப் போகிறவருக்கு யார் வீட்டில் என்ன வண்டி விலைக்கு நிற்கிறது என்று தெரியும். காரைக்காலில் ஒரு சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் பெரியவர், தன் மனைவிக்காக ஒரு வேனைத் தனியாகச் செய்து வைத்திருந்தார். அந்த அம்மா காலமாகிவிட்டார். பெரியவர் பிரான்ஸில் இருக்கும் மகன் வீட்டோடு போகிறார். வேண்டுமானால் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். நாம் ஐந்து பேரும் போனோம்.

உயரமான மரக்கதவு வைத்த வீடு. பெரியவர் சட்டையைக் கால்சட்டைக்குள் செருகிக்கொண்டு தயாராக நின்றார். வேனின் பின்கதவைத் தூக்கினார். உள்ளேயிருந்து இரும்புச் சாய்வுப் பலகையை இழுத்துத் தரையில் சாய்த்தார். தர்ஷினியை அவர் மனைவியின் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, ஒரே தள்ளு. யாரும் தூக்கவில்லை. யாரும் மூச்சுவாங்கவில்லை. பிள்ளை உள்ளே போய்விட்டாள். நாலு மூலையிலும் கொக்கி மாட்டினார். அவள் தலை நிமிர்ந்து கண்ணாடி வழியே தெருவைப் பார்த்தாள்.

“அப்பா, அந்த மாடு நம்மளயே பாக்குது! கதவ மூடு, மூடிப் பாரு!”

மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே கதவில் கை வைத்தார். அப்போதுதான் நீங்கள் கத்தினீர்கள்.

“நிறுத்துடா!”

பெரியவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

“பின்னாடி கதவத் தொறந்து ஏத்துறது பொணத்தடா. உசுரோட இருக்குற புள்ளய, வயசுக்கு வந்த புள்ளய, பின்பக்கமாவா ஏத்துவ? இதுல ஏறுன மகராசியும் போயிட்டா. எறக்குடா எம்புள்ளய!”

அந்தப் பெரியவரின் முகத்தை நான் மறக்கவில்லை. தன் மனைவியை இரண்டாவது தரம் பறிகொடுத்தவர் போல நின்றார். மாப்பிள்ளை, “பேசிட்டுச் சொல்றேங்க” என்றார். திரும்பி வரும்போது பிள்ளை நம் மடியில் குறுக்கே கிடந்து கூரைத் துணியைப் பார்த்தாள்.

அந்த வண்டியைக் கோட்டுச்சேரிப் பக்கத்துச் சமையல்காரர் ஒருவர் வாங்கினார். சாய்வுப் பலகையில் காஸ் சிலிண்டரை உருட்டி ஏற்றுகிறார் என்று கேள்விப்பட்டேன். அன்றோடு உங்களிடம் பேசுவதை நிறுத்தினேன். மூன்று வருஷம். ஒரே வீடு, ஒரே அடுப்பு.

“தர்ஷினி, ஒங்க அம்மாயிகிட்ட சொல்லு, ரசத்துல உப்பு இல்லன்னு.”

“தர்ஷினி, ஒங்க அப்பாயிகிட்ட சொல்லு, நாக்குல புகையில இருந்தா உப்பு தெரியாதுன்னு.”

பிள்ளை ஒருநாள் நோட்டை மூடிவிட்டுச் சொன்னாள்: “ரெண்டு பேரும் ஆளுக்கொரு போன் வாங்கிக்குங்க. என்னால நடுவுல நின்னு கத்த முடியல. எனக்கு நிக்கவே வராது.” நீங்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் சிரித்தோம்.

இப்போது ஒன்றைச் சொல்லவேண்டும். அன்று சொல்தா வீட்டில் அந்தக் கதவு தூக்கப்பட்டபோது எனக்கும் பிணவண்டிதான் ஞாபகம் வந்தது. என் வீட்டுக்காரரை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த வண்டிக்கும் கதவு பின்னால்தான். நீங்கள் கத்தாமல் இருந்திருந்தால் நான் கத்தியிருப்பேனோ என்னவோ. நீங்கள் முந்திக்கொண்டீர்கள். நான் நல்லவளாகிவிட்டேன். உங்கள் மேல் பழியைப் போட்டு மூன்று வருஷம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஆவணியில் மழை பெய்த அன்று பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பிள்ளையை ஆட்டோவிலிருந்து இறக்கினோம். வாசலில் சேறு. “தாயே” என்றீர்கள். எழுந்தோம். இரண்டாவது அடியில் உங்கள் கால் வழுக்கியது. யாராக இருந்தாலும் பிள்ளையை விட்டுவிட்டுக் கையை ஊன்றியிருப்பார்கள். நீங்கள் விடவில்லை. அவளை மார்போடு பிடித்தபடி முதுகால் விழுந்தீர்கள். பிள்ளைக்கு ஒரு கீறல் இல்லை. உங்கள் இடுப்பெலும்பு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. அந்த நிமிஷமே என் கோபம் ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை. நான் அப்படிப்பட்டவள்தான், உங்களுக்குத் தெரியும்.

ஆம்புலன்ஸ் வந்தது. பின்கதவைத் திறந்து ஸ்ட்ரெச்சரோடு உங்களை உள்ளே தள்ளினார்கள். நீங்கள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டீர்கள். இருபது நாள் கழித்து அதே மாதிரி வண்டியில், அதே பின்கதவு வழியாக உயிரோடு வந்து இறங்கினீர்கள்.

மாப்பிள்ளை அப்போது குறுவை அறுப்புக்கு மிஷினோடு வெளி மாவட்டம் போயிருந்தார். செல்வி வேலைக்குப் போய்விட்டாள். மத்தியானம். பிள்ளை கூடத்தில் தூங்கினாள். நான் உங்களுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன், வாயைத் திறக்காமல்.

“சம்பந்தி” என்றீர்கள்.

மூன்று வருஷத்துக்குப் பிறகு. யாரையோ கூப்பிடுகிறீர்கள் என்றுதான் நினைத்தேன்.

“அந்த வண்டில கதவ டமால்னு சாத்துனாங்களா, சரி, செத்துட்டோம்னுதான் நெனச்சேன். அப்பறம் திருநள்ளாறு வளைவுல ஒரு குலுக்கு குலுக்குனான் பாருங்க, இடுப்பு உசுரு போற மாதிரி வலிச்சிது. அப்பத்தான் உசுரு இருக்குன்னே தெரிஞ்சிது.” சிரித்தீர்கள். சிரித்ததும் வலித்தது, முகம் கோணியது. “அவ்வளவுதான் அந்தக் கதவு. ஒண்ணும் பண்ணல. அவன் வந்தா சொல்லுங்க. அம்மா சொன்னுச்சின்னு சொல்லுங்க. புள்ளைக்கு அந்த மாதிரி வண்டியே வாங்கிக் குடுக்கட்டும்.”

நான் என்ன சொன்னேன்? உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எனக்கும் இருக்கிறது.

“ஒங்க மகன், ஒங்க வாயி. அன்னக்கி ஊரு கேக்கக் கத்துன வாயிதான? நீங்களே சொல்லிக்குங்க.”

“எனக்கு வெக்கமா இருக்கு சம்பந்தி” என்றீர்கள்.

நான் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டேன். கழுவின கிண்ணத்தையே மறுபடி கழுவினேன். மூன்றாம் நாள் விடியும்போது நீங்கள் இல்லை. மாப்பிள்ளை வந்து உங்கள் காலைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். கருமாதி அன்று சொந்தக்காரர்கள் எல்லாரும் இருக்க, சொன்னார்: “எங்கம்மா வேணாம்னு சொன்ன எதையும் இந்த வீட்டுல செய்ய மாட்டேன்.” நான் பந்திக்கு இலை துடைத்துக்கொண்டிருந்தேன். அங்கே எப்படிச் சொல்வேன்? பேசாதவள் வாயில் செத்தவள் பேச்சு எப்படி வந்தது என்று கேட்பார்களே. அன்று விழுங்கினேன். பிறகு தினமும் விழுங்கினேன்.

அதிலிருந்து உங்கள் மகன் பக்கவாட்டுக் கதவு வைத்த வண்டிதான் தேடுகிறார். காரைக்காலில் பட்டறைக்காரர் ஒருவரிடம் பழைய வேன் ஒன்று நிற்கிறது. நானும் ஒருநாள் கூடவே போனேன், வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. பட்டறைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: “அண்ணே, பக்கத்துல வச்சா நாக்காலி உள்ள போயித் திரும்பாது. பாப்பாவுக்குத் தல இடிக்கும். பலகையச் சாய்ச்சா ஒங்க தெரு அடைஞ்சிரும். பின்னாடி வச்சா நாலு நாள் வேல. ஆர்டிஓ ஆபீஸ்ல எழுதி வாங்குறதுக்கும் நானே கூட வர்றேன்.”

“பின்னாடி வேணாம்.”

“ஏண்ணே?”

“வேணாம்னா விடுங்க.”

மாப்பிள்ளை தேநீர் வாங்கப் போனபோது பட்டறைக்காரர் என்னிடம் கேட்டார்: “ஏம்மா, ஒங்க மாப்ள வண்டி கட்டச் சொல்றாரா, தேரு கட்டச் சொல்றாரா? நாலு பக்கமும் சாஸ்திரம் பாக்குறாரு.” அங்கேயே சொல்லியிருக்கலாம். அவரிடம் புடவையில் இரும்புத்தூள் கறை பட்டால் போகுமா என்று கேட்டேன்.

பொங்கல் முடிந்தால் சம்பா அறுப்பு. உங்கள் மகன் மறுபடி மிஷினோடு போய்விடுவார். பிள்ளைக்கு ஒரு வருஷம் போகும். இதுவரை எழுதிவிட்டு எழுந்து போகிறேன். இன்றைக்காவது சொல்லப் பார்க்கிறேன்.

விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன். நடுவில் பத்து நாள் போய்விட்டது.

சொல்லிவிட்டேன். நானாக வாயைத் திறக்கவில்லை, பிள்ளைதான் திறக்கவைத்தாள். அன்று சாயங்காலம் மாப்பிள்ளை வந்து, திருச்சியில் யாரோ உயரமான கூரையோடு பக்கவாட்டுக் கதவு வைத்துக் கட்டுகிறார்களாம், முறை வர ஆறு மாதம் ஆகுமாம் என்றார். தர்ஷினி நோட்டிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னாள்:

“ஆறு மாசம்தானப்பா. ஒண்ணும் அவசரமில்ல. நான் பன்னெண்டாவதையும் இந்தப் பாயிலயே படிச்சு, இங்கேயே கல்யாணம் கட்டி, இங்கேயே ரெண்டு புள்ளையும் பெத்துக்கிறேன். அதுங்களுக்குப் பக்கவாட்டுக் கதவு வந்துரும்.”

“தர்ஷினி!” என்றாள் செல்வி.

“என்னம்மா? அப்பாயி சொன்னா சொன்னதுதான். நான் அப்பாயியக் கொற சொல்லல.” நோட்டை மூடினாள். “அப்பாயிதான் என்னக் கீழ போடல. அவங்களே இருந்தா இந்நேரம் வாங்கச் சொல்லியிருப்பாங்க.”

“சொன்னாங்க” என்றேன்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

“என்ன அத்தை?” என்றார் மாப்பிள்ளை.

“ஒங்க அம்மா சொன்னாங்க. போறதுக்கு மூணு நாள் முன்னாடி. அந்த மாதிரி வண்டியே வாங்கச் சொல்லி ஒங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க.”

“இத்தன நாளா...?”

“சொல்லல.”

“ஏன்?”

பொய் சொல்ல ஆயிரம் இருந்தது. மறந்துவிட்டேன் என்றால் நம்பமாட்டார்கள், நான் எதையும் மறப்பவள் இல்லை. “அவங்க மேல கோவம்” என்றேன். “நீங்களே சொல்லிக்குங்கன்னுட்டேன்.”

மாப்பிள்ளை எழுந்து நின்றார். நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது. “பள்ளிக்கூடம் போவணுங்கிறதுக்காகச் சொல்றீங்களா அத்தை? எங்கம்மா ஒரு வார்த்த சொன்னா மாத்தமாட்டாங்க. அதுவும் ஒங்ககிட்டப் போயி...”

“மாத்த வெக்கமா இருக்குன்னாங்க மாப்ள. ‘எனக்கு வெக்கமா இருக்கு சம்பந்தி’ன்னு சொன்னாங்க.”

அதைக் கேட்டதும் அவர் கதவைப் பிடித்துக்கொண்டார். உங்கள் வாயால் அந்தச் சொல்லை உங்கள் மகன் ஒருநாளும் கேட்டிருக்க மாட்டார். என்னால் இட்டுக்கட்ட முடிகிற சொல்லும் இல்லை அது. நான் விடவில்லை. இன்று விட்டால் மறுபடி விழுங்கிவிடுவேன் என்று பயம்.

“ஒங்கம்மா பின்கதவு வழியாப் போனப்ப சாவல. உசுரோட போயி உசுரோட திரும்பி வந்தாங்க. கடைசியாப் போனது முன்வாசல் வழியா, நாலு பேரு தோள்ல. அதுக்காக முன்வாசலச் செங்கல் வச்சு அடைச்சிட்டீங்களா? தெனம் அதுலதான போறோம், வர்றோம்?”

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். சாப்பிடவில்லை. செல்வி என்னைப் பார்த்த பார்வையைச் சொல்லி முடியாது. என் வயிற்றில் பிறந்தவள், அவளும் எதையும் மறக்கமாட்டாள்.

மறுநாள் காலையில் மாப்பிள்ளை கூடத்தில் நின்றுகொண்டு, என் பக்கம் பாராமல் சொன்னார்: “தர்ஷினி, ஒங்க அம்மாயிகிட்ட சொல்லு, நான் பட்டறைக்குப் போறேன்னு.”

உங்கள் மகன்தான். பேசாமல் இருப்பது உங்கள் ரத்தம். பிள்ளை என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த வருஷம் நம் வீட்டில் பொங்கல் இல்லை. ஊரெல்லாம் கரும்பும் மஞ்சளுமாக இருக்க, மாப்பிள்ளை பட்டறையிலேயே கிடந்தார். வருஷம் திரும்பாமல் வண்டி வாங்கலாமா என்று உங்கள் கொழுந்தனார் கேட்டாராம். மாப்பிள்ளை அதைக் காதில் வாங்காமல் வேலையைப் பார்த்தாராம். பள்ளிக்கூடம் திறப்பதற்கு முதல் நாள் காலையில் வேன் தெருவில் வந்து நின்றது. பழைய வெள்ளை வண்டி, பின்னால் மட்டும் புதுப் பெயின்ட். எதிர்வீடு, பக்கத்துவீடு எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டது.

மாப்பிள்ளை பின்கதவைத் தூக்கினார். பலகையைச் சாய்த்தார். தர்ஷினியை நாற்காலியில் வைத்துக் கொண்டுவந்து பலகைக்கு நேராக நிறுத்தினார். கைப்பிடியில் கையும் வைத்துவிட்டார். அதற்கு மேல் கை போகவில்லை.

“அப்பா, தள்ளு.”

நிற்கிறார். நெற்றியெல்லாம் வேர்வை. திறந்து கிடந்த அந்த உள் இருட்டையே பார்க்கிறார். எதிர்வீட்டுப் பெண்பிள்ளை ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பலகையில் கால் வைத்தேன்.

“அம்மா! புது வண்டி, நீ போயி மொதல்ல...” செல்வி முடிக்கவில்லை. தாலி இல்லாதவள் முதலில் ஏறக்கூடாது என்றுதான் அவள் சொல்ல வந்தது. எனக்குத் தெரியாததா? நாற்பது வருஷமாக எத்தனை கல்யாணத்தில் ஒதுங்கி நின்றவள் நான். யாரும் என்னைப் படுக்கவைத்துத் தள்ளவில்லை. என் காலால் நடந்து, பின்கதவு வழியாக உள்ளே போனேன். கூரையில் தலை நங்கென்று இடித்தது. தரையில் உட்கார்ந்து உச்சந்தலையைத் தேய்த்துக்கொண்டு சத்தம் போட்டேன்:

“உள்ள ஒண்ணுமில்ல மாப்ள! பெயின்ட் நாத்தம்தான். தள்ளுங்க புள்ளய!”

தெருவில் யாரோ சிரித்தார்கள். மாப்பிள்ளை தள்ளினார். பிள்ளை முகம் முன்னால் வர, நேராக என்னிடம் ஏறி வந்தாள். கொக்கிகள் மாட்டியதும் கண்ணாடி பக்கம் தலையைத் திருப்பினாள்.

“அம்மாயி, தள்ளி ஒக்காரு. ரோடு மறைக்குது.”

மறுநாள் பள்ளிக்கூடம் போனாள். சான்றிதழை வாங்கிக்கொண்டார்கள். மிஸ் தனக்குத் தெரிந்த அளவுக்குப் பேசியிருக்கிறார். பரீட்சை எழுதவிடுவார்களா என்று இன்னும் பதில் வரவில்லை, அந்தக் கவலை ஒருபக்கம் அரித்துக்கொண்டேதான் இருக்கிறது. வேனை ஓட்டத் தெரிந்த பக்கத்துத் தெருக்காரரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு மாப்பிள்ளை அறுப்புக்குப் போய்விட்டார். போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. நேற்று செல்வியின் போனில் பேசும்போது, அத்தை சாப்பிட்டாங்களா என்று கேட்டாராம். கேட்கட்டும். என்னோடு எப்போது பேசவேண்டும் என்று அவருக்குத் தோன்றுகிறதோ அப்போது பேசட்டும். நான் அவசரப்படுத்தும் இடத்தில் இல்லை.

நான் தினமும் வேனில் கூடப் போகிறேன். பள்ளிக்கூட வாசலில் பெண்கள் நாலு பேர் ஓடிவந்து நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். அவள் அவர்களோடு சத்தமாகப் பேசிக்கொண்டே போகிறாள். என்னைத் திரும்பிப் பார்ப்பதில்லை. வேனுக்குப் பக்கத்தில் வேப்பமரத்தடியில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருக்கிறேன். கைக்கு வேலை இல்லை. அங்கே உட்கார்ந்துதான் இதை எழுதி முடிக்கிறேன்.

நீங்கள் சொல்லச் சொன்னதை உங்கள் மகனிடம் சேர்த்துவிட்டேன், சம்பந்தி. தாமதமாகத்தான், ஆனாலும் சேர்த்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது என்றீர்களே, அதற்கு நான் சொல்லவேண்டிய பதில்தான் என்னிடமே நிற்கிறது. அன்று கிண்ணத்தோடு திரும்பாமல் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று இந்த மரத்தடியில் தினமும் யோசிக்கிறேன். பெரிதாக ஒன்றும் இல்லை. உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, மீதிக் கஞ்சியையும் ஊட்டி முடித்துவிட்டுச் சொல்லியிருப்பேன்: எனக்கும்தான் சம்பந்தி.